ஹேமாவின் மூன்று கண்காட்சிகள்

கேலரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஆணி எங்கே அடிப்பது, விளக்கை எப்படித் திருப்புவது, படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்பதெல்லாம் சில வாரங்களில் உங்கள் கைக்கே வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். வாசலில் ஒருவர் கோபமாக நிற்கிறார், சிறப்பு விருந்தினர் கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார், படம் எடுத்தவரோ அழுதுவிடுவார் போலிருக்கிறது; அந்த நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லித் தந்தார்கள். எனக்கு முன்பு கேலரிப் பொறுப்பில் இருந்தவர், பேர் சொன்னால் கோபித்துக்கொள்வார், என் முதல் திறப்பு விழாவன்று நான் ஒவ்வொரு பிரேமாகப் போய் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகில் தட்டினார். "ஸ்டெல்லா, படம் எங்கயும் ஓடிப்போவாது. வாசலைப் பாரு" என்றார். அன்றிலிருந்து மதுரை தல்லாகுளத்தில், கேலரி இருக்கும் அந்தப் பழைய பங்களாவின் வாசலில்தான் என் திறப்பு விழாக்கள் எல்லாம் கழிந்தன. ஹேமாவின் கதையும் அங்கே நின்று பார்த்ததுதான்.

ஹேமா சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அப்பாவுக்குச் சேலை வியாபாரம். வீட்டில் எல்லோரும் நூலும் நிறமும் பேசுகிறவர்கள். இவள் மட்டும் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். முதல் கண்காட்சி முழுக்கச் சித்திரைத் திருவிழாக் கூட்டம். கிட்டத்தில் போய், யாரிடமும் கேட்காமல், சடாரென்று எடுத்த முகங்கள். வியர்வை, தண்ணீர், திறந்த வாய்கள். பார்க்கிறவர்கள் ஒரு அடி பின்னால் நகர்வார்கள். அத்தனை பக்கத்தில் இருந்தன அந்த முகங்கள்.

அழைப்பிதழில் போட்ட படத்தில் ஒரு ஆள், யார் தோளிலோ உட்கார்ந்து, அழகருக்குப் பீய்ச்சிய தண்ணீரில் தலை முழுக்க நனைந்து, உலகத்தையே மறந்து கத்திக்கொண்டிருப்பார். திறப்பு விழா முடிந்த சில நாளில், சட்டைக் கையை நன்றாக மடித்துவிட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். எங்கேயோ பார்த்த முகம்.

"அக்கா, இந்தப் படத்த எடுத்த அம்மா யாரு?"

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஹேமாவும் உள்ளேதான் இருந்தாள். கூப்பிட்டேன்.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா அன்னிக்கு எனக்கு மஞ்சக்காமாலை."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். காமாலை என்று சொல்லி லீவு போட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். அவருடைய மேனேஜருக்குக் கலையில் ஆர்வம். எங்கள் அழைப்பிதழ் அவர் மேசைக்குப் போயிருக்கிறது.

"மேனேஜர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"காமாலை இம்புட்டு சீக்கிரம் எறங்கிருச்சேன்னு கேட்டாரு."

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அவர் ஹேமாவிடம், சாதாரணமாகத்தான், "ஒரு வார்த்த கேட்டுருந்தா தலையையாச்சும் துடைச்சிருப்பேன்ல" என்றார்.

நான் அதை அன்றே மறந்துவிட்டேன். ஹேமா மறக்கவில்லை. அடுத்த வருடம் திருவிழாவுக்கு அவள் கேமராவை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவளுடைய படங்களை விரும்பி வாங்குகிறவர்கள் எனக்குப் போன் செய்து, புதிதாக முகங்கள் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். வரும் வரும் என்று சொல்லி வைப்பேன். இளைய நண்பர்களே, ஒரு கலைஞர் கொஞ்ச நாள் சும்மா இருந்தால் விட்டுவிடுங்கள். நானும் விட்டுவிட்டேன், ஆனால் கடிந்துகொண்டேதான் விட்டேன்.

ஒருநாள் மடிக்கணினியோடு வந்தாள். "ஸ்டெல்லாக்கா, திட்டாம பாருங்க" என்றாள்.

எல்லாம் வண்ணப் படங்கள். ஒத்தக்கடைக்குப் பின்னால், வயலாக இருந்து மனைகளாகப் பிரித்துப் போட்ட வெறும் நிலங்கள். தூரத்தில் யானைமலை. எல்லைக் கற்கள், கிழிந்த கொடிகள், எங்கும் போகாத ஒரு தார்ச் சாலை. அந்த வெட்டவெளியில் ஆட்கள், வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். ஒரு வாத்தியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தம்பதி இல்லாத மாடிப்படியில் ஏறப்போகிறவர்கள்போல் காலைத் தூக்கி நின்றார்கள். ஹேமா ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி, அனுமதி கேட்டு, "உங்க வீடு எப்படி வரும், காட்டுங்க" என்று சொல்லி எடுத்திருக்கிறாள்.

"கூட்டத்துல திருடுன மாதிரி இல்ல. எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றாள்.

அதில் ஒரு படம் மற்றவற்றிலிருந்து தனியாக நின்றது. ஒரு கணவனும் மனைவியும். நான்கு மூலையிலும் பச்சை வண்ணம் அடித்த கற்கள். கணவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருக்கிறார். மனைவி ஒரு ஓரத்தில் நின்று, தலையைத் திருப்பி, அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் இடது கை, கண்ணுக்குத் தெரியாத ஒரு அடுப்பு மேடையின்மேல் ஊன்றியிருக்கிறது. நடிப்பே இல்லை. மற்றவர்கள் எல்லாம் இஞ்சினியரைக் கேட்கணும், மனையடி சாஸ்திரம் பார்க்கணும் என்று யோசித்தார்களாம். இந்தப் பெண்ணிடம் அடுப்படி எங்கே என்று கேட்டதுமே நேராக நடந்துபோய் அந்த இடத்தில் நின்றுவிட்டாராம்.

கணவர் பேர் முத்துப்பாண்டி, மேலூர் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி ஜோதி, ஒரு கல்லூரி கேன்டீனில் வேலை. அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டோம். கண்காட்சிக்கு 'எங்க வீடு' என்று பெயர். படங்களுக்குக் கீழே ஹேமா சிறிய லேபிள் ஒட்டினாள். பெயர், தொழில், அப்புறம் 'சொந்த மனையில், ஒத்தக்கடை'.

திறப்பு விழா மாலை. நான் வாசலில். வெள்ளை அரைக்கைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக ஒரு பெரியவர் வந்தார். மாவட்ட நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேர் சண்முகம், நடந்து போகிற தூரத்தில்தான் வீடு. எந்தக் கண்காட்சியையும் விடமாட்டார், எந்தப் படத்தின் முன்னும் அதிகம் நிற்கவும் மாட்டார். அன்று ஜோதியின் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு குனிந்து படத்தின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் பெரிய படத்துல இருக்கறவங்க யாரும்மா?"

சொன்னேன்.

"அது என் இடம்."

நான் சிரித்தேன், ஏதோ ரசனையாகச் சொல்கிறார் என்று. அவர் சிரிக்கவில்லை.

"கல்லுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சது நான். பக்கத்து மனையோட குழம்பிடக் கூடாதுன்னு என் கையால அடிச்சேன். அந்த லேஅவுட்லயே வேற யாரும் பச்சை அடிக்கல. நீங்க சொந்த மனைன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க."

அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என் சர்வீஸ் பூரா இந்த வழக்குதாம்மா பாத்தேன். நாங்க அனுபவத்துல இருந்தோம், இதோ போட்டோன்னு வந்து நிப்பாங்க. இடத்துக்குச் சொந்தக்காரன் வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடப்பான். அந்தப் படத்த இப்பவே இறக்குங்க. இல்லன்னா நான் வக்கீலுக்குப் போன் பண்றேன்."

ஹேமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் வெளியே போய் அம்மாவிடம் போனில் சௌராஷ்டிர மொழியில் படபடவென்று பேசிவிட்டு வந்தாள். வந்ததும், "என்னை ஏமாத்திட்டாங்கக்கா" என்றாள். "எல்லாரையும் கேட்டு எடுத்தேன்னு பேட்டி கொடுத்திருக்கேன். இது ஒண்ணு பொய்யின்னா மத்தது எதையும் யாரும் நம்பமாட்டாங்க. இறக்கிடுவோம்."

"அவங்க இன்னிக்கு வாராங்களா?"

"சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வாராங்க. ஆட்டோல வந்துட்டிருக்கோம்னு இப்பத்தான் போன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். படத்தை இறக்கினால், சொந்தபந்தத்தோடு வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்ப்பார்கள். இறக்காவிட்டால், பெரியவர் சொன்னதைச் செய்வார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: படத்தில் தப்பு இல்லை. அந்தப் பெண் அங்கே நின்றது நிஜம். நாம் ஒட்டிய எழுத்துதான் அவர்கள் சொன்னதா, நாம் சொன்னதா என்று தெரியாமல் நிற்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறார்கள்.

போய் லேபிளை மட்டும் உரித்தேன். திரும்பி வந்து பெரியவரிடம், "சார், அவங்க வந்து பேசட்டும். அதுக்கப்புறமும் இறக்கணும்னு நீங்க சொன்னா, நானே இறக்கிடுறேன்" என்றேன்.

ஹேமா என்னை வெளியே இழுத்தாள். "என் படத்த இறக்குறத அவர் முடிவு பண்ணுவாரா? நீங்க யாரைக் கேட்டு வாக்கு குடுத்தீங்க?"

"நீதான் இறக்கணும்னு சொன்ன."

"நான் இறக்குறது வேற."

அவள் சொன்னதும் சரிதான். ஆனால் எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அதை வாங்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அவர்கள் வந்தார்கள். முத்துப்பாண்டி புதுச் சட்டையில், ஜோதி தலை நிறைய மல்லிகையோடு, கூடவே ஜோதியின் அண்ணனும் அவர் மனைவியும். அண்ணன் உரத்த குரல்காரர். நேராகப் பெரிய படத்துக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு பக்கத்துப் படங்களிலும் 'சொந்த மனையில்' என்றிருந்த லேபிள்களை வாசித்தார். கண் விரிந்தது.

"மாப்ள, எடம் வாங்கிட்டு சொல்லவே இல்ல பாத்தீங்களா. என்னத்துக்கு மறைக்கிறீக? நாங்க என்ன கண்ணா வைக்கப்போறோம்?"

முத்துப்பாண்டி சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையிலிருந்து சண்முகம் சார் வெளியே வந்து, நான்கைந்து அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முத்துப்பாண்டி ஆமாம் என்று தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள்.

"வாங்கலண்ணே" என்றார் ஜோதி.

"என்னது?"

"எடம் நம்மளுது இல்ல. வாடக வீட்டுல காத்தே வாரதில்ல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் நாற்காலியத் தூக்கிட்டுப் போய் அங்கன உக்காந்துட்டு வாரோம். அம்புட்டுத்தான்."

"பெறகு படத்துல?"

"இந்த அக்கா வந்தாங்க. அடுப்படி எங்கன வரும்னு கேட்டாங்க. சொன்னேன்."

அதைச் சொல்லும்போது ஜோதிக்கு வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. கேட்டார்கள், சொன்னேன். அண்ணன் கையை விட்டார். முத்துப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "சும்மா போய் உக்கார்ற எடந்தான் மச்சான்" என்றார். அண்ணன் மனைவி மட்டும், "எனக்குச் சொல்லியிருந்தா நானும் வந்து உக்காந்துருப்பேன்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது.

ஹேமா சுவரில் சாய்ந்துவிட்டாள். "நான் கேக்கவே இல்லக்கா" என்றாள் என்னிடம், மெதுவாக. "படம் எடுக்கலாமான்னு கேட்டேன். அடுப்படி எங்கன்னு கேட்டேன். இது உங்க இடமான்னு கேக்கவே இல்ல. அங்க நிக்கிறவங்களுக்கு இடம் சொந்தமாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

நான் சண்முகம் சாரிடம் போனேன். வாக்கு கொடுத்திருந்தேன் அல்லவா. "சொல்லுங்க சார்."

அவர் ஜோதியிடம்தான் பேசினார். "நான்தாம்மா அந்த இடத்துக்காரன்."

ஜோதி அவரைப் பார்த்தார். "நாங்க ஒண்ணும் கெடுக்கலைங்கய்யா. குப்பகூடப் போடல."

"படத்துலயே தெரியுது" என்றார் பெரியவர். கொஞ்சம் தடுமாறி, "நான் போய்ப் பாத்தே நாளாச்சு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். பழைய குரல் வந்துவிட்டது. "படம் இருக்கட்டும். எழுத்து சரியா இருக்கணும்."

ஹேமா ஒரு அட்டையும் பேனாவும் எடுத்து வந்து, ஜோதியிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழம இங்க வந்து உக்காருவோம்னு எழுதுங்க" என்றார் ஜோதி. பெரியவர் அட்டையை வாங்கி வாசித்து, 'இடம் வேறொருவருக்குச் சொந்தமானது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஹேமா எழுதினாள். 'வேறொருவருக்கு மட்டுமே' என்று திருத்தச் சொன்னார். திருத்தினாள். ஒட்டினோம்.

பசை காய்வதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். கோரிப்பாளையத்திலேயே அவருக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. ஒவ்வொரு படமாக வேகமாகக் கடந்து வந்தவர், அந்தக் கையெழுத்து அட்டையின் முன்னால் நின்றார். பேசும்போது பாதி நேரம் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் பேசினார். கலைஞர் எவ்வளவு யோசித்து அதை எழுதியிருப்பார் என்று வியந்தார். கைதட்டல் எழுந்தபோது ஹேமா தலையைக் குனிந்துகொண்டாள். சண்முகம் சார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி அவர் எழுத்தல்லவா.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், படத்தில் இருப்பவரிடம் லேபிளை வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் ஒட்டுங்கள் என்பேன். அது நடைமுறை. அதைவிடப் பெரியது, நெருக்கடி வரும்போது அந்த விஷயத்துக்கு உரியவர் வந்துகொண்டிருக்கிறார் என்றால், அவர் வரும்வரை அவருக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள் என்பது. ஆனால் ஜோதி வேறு மாதிரிப் பேசியிருந்தால் நான் சொன்னபடி படத்தை இறக்கியிருக்க வேண்டும். ஹேமா அதற்கப்புறம் எங்கள் கேலரிக்கு வந்திருக்கமாட்டாள். நான் எடுத்த முடிவு சரி என்று அந்தப் பெண்தான் ஆக்கிக் கொடுத்தார்.

எல்லாம் இனிதாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதமே சண்முகம் சார் தன் மனையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு, "அவங்களுக்காக இல்லம்மா. அந்தப் படத்த இன்னும் எத்தனை பேரு பாத்தாங்களோ" என்றார். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்த வழக்குகளைத்தான். அவரிடம் நான் வேறு எதை எதிர்பார்க்க முடியும்.

ஹேமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனாள். வேலிக்கு வெளியே, மண் சாலை ஓரத்தில், அதே நாற்காலிகளில் அவர்கள் இருந்தார்கள். கேமராவை எடுக்கக் கை வரவில்லையாம். ஜோதி எழுந்து, "நீங்க உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்திருக்கிறார். ஹேமா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்ததாம், இவ்வளவு நாளும் அந்த நாற்காலியைத்தான் பார்த்தோம், நாற்காலியில் இருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை என்று. பிறகு ஜோதியை மறுபடி உட்காரச் சொல்லி, கேமராவை அவர் மடியில் வைத்து, எங்கே திருப்பலாம் என்று கேட்டிருக்கிறாள்.

இந்த வருடம் அவளுடைய மூன்றாவது கண்காட்சி. நான் ஓய்வு பெற்றுவிட்டதால் முதல்முறையாக விருந்தாளியாகப் போனேன், இருந்தாலும் வாசல் பக்கமாகவே நின்றேன். படங்களில் ஆட்களே இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் உட்கார்கிற இடத்தில் இருந்து எதைப் பார்க்கிறார்களோ அது மட்டும். ஒரு வாடகை வீட்டு ஜன்னலில் இருந்து எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஷேர் ஆட்டோவின் முன் இருக்கையில் இருந்து மேலூர் சாலை. அது முத்துப்பாண்டி காட்டியது. படங்கள் எல்லாம் நிறம் மங்கி, அவசரமே இல்லாமல் இருந்தன. பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். முகமே இல்லையே, பழைய ஹேமா எங்கே என்று ஒருவர் என்னிடமே கேட்டார். எனக்கும் அந்தப் பழைய முகங்கள் பிடிக்கும் என்றேன், பொய் இல்லை. ஆனால் இந்தப் படங்களின் முன்னால் யாரும் பின்னால் நகரவில்லை. பக்கத்தில் போய் நின்றார்கள்.

ஜோதியின் படத்தில் குறுக்கே மூன்று கம்பிகள் ஓடின. அதற்குப் பின்னால் புல், அதற்குப் பின்னால் மலை, மேலே நிறைய வானம். ஒரு கல்லூரி மாணவி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அருகில் நின்றவர் யாரென்று தெரியாமல் கேட்டாள்.

"இது யாரோட இடம் ஆன்ட்டி?"

"எடம் வேற ஒருத்தவுகளுது" என்றார் ஜோதி. "பாத்தது நான்."